வேதாளரும் எங்கள் வீட்டு வாசகர்களும்

சென்ற வருடம் நோன்பு தொடங்குவதற்கு முந்திய வாரம் எங்கள் வீட்டில் வழக்கம்போல் துப்புரவு வேலை நடந்தது. அலுமாரிக்கு மேலே கிடந்த ஒரு தகரப் பெட்டியை நானும் தம்பியும் இறக்கினோம். அதற்குள்ளே உடுப்போ பாத்திரமோ இருக்கும் என்று நினைத்தோம். இருந்தவை சித்திரக் கதைப் புத்தகங்கள். சில புத்தகங்களுக்கு அட்டை இல்லை. சிலவற்றை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. எஞ்சியவற்றின் அட்டைகளில் ஒரே மனிதர்தான் மறுபடி மறுபடி நின்றார். உடம்போடு ஒட்டிய உடை, கண்ணை மறைத்த முகமூடி, இடுப்பில் மண்டையோட்டுப் பட்டி, பக்கத்தில் ஓர் ஓநாய், பின்னால் அடர்ந்த காடு.

"இதெல்லாம் மூத்தவாப்பாட. பழைய பேப்பர் எடுக்க வாறவருக்குக் கொடுத்திடுவம்" என்றார் உம்மா. தம்பி உடனே இரண்டு புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவனுக்கு அது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வருடம். உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பேய் உருவம், சாகாத மனிதன், சண்டை, இதையெல்லாம் பிள்ளை படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதானே இலக்கியம் படிக்கிறாய். இது பிள்ளைக்கு நல்லதா கெட்டதா எண்டு படிச்சுப் பார்த்துச் சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார்.

அந்தப் பொறுப்பிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. ஒரு நாவலையோ கவிதையையோ ஆராய்வதற்கு எங்களுக்கு வகுப்பில் பழக்கம் உண்டு. ஆனால், சிறுவர்கள் கையில் வைத்துச் சிரிக்கும் ஒரு சித்திரக் கதையை ஆராய முடியுமா? அதை வாசித்தவர்கள் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்க முடியுமா? முயன்று பார்த்தேன். நான் கண்டவற்றைச் சகோதரிகளான உங்களோடும், பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

கதையும் அதன் பிறப்பும்

தமிழில் வேதாளர் என்றும் முகமூடி மாயாவி என்றும் பெயர் பெற்ற இவருடைய சொந்தப் பெயர் 'பேண்டம்'. இவரைப் படைத்தவர் லீ ஃபால்க் என்ற அமெரிக்க எழுத்தாளர். 1936 பெப்ரவரி 17ஆம் திகதி அமெரிக்கச் செய்தித்தாள்களில் நாளுக்கொரு துண்டாக இக்கதை வெளிவரத் தொடங்கியது. முதலில் ரே மூர் என்பவர் படம் வரைந்தார். அவருக்குப் பிறகு வில்சன் மெக்காய், சை பாரி என்று ஓவியர்கள் மாறினார்கள். லீ ஃபால்க் மட்டும் 1999இல் இறக்கும் வரையில், ஏறக்குறைய 63 வருடங்கள், இக்கதையோடு இருந்தார். சுப்பர்மேன் வெளிவந்தது 1938இல். அதற்கு இரண்டு வருடங்கள் முன்னரே உடம்போடு ஒட்டிய உடையும் முகமூடியும் அணிந்த வீரராக வேதாளர் வந்துவிட்டார்.

கதை இதுதான். 1536இல் கடற்கொள்ளையர்கள் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள். தப்பிப் பிழைத்த ஓர் இளைஞன் கரையொதுங்குகிறான். பாண்டர் என்ற குள்ள மனிதர்கள் அவனைக் காப்பாற்றுகிறார்கள். தன் தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின்மீது அவன் ஒரு சத்தியம் செய்கிறான்: கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி ஆகியவற்றை எதிர்ப்பதற்கே தன் வாழ்வும் தன் பிள்ளைகளின் வாழ்வும். அவன் மௌத்தானதும் அவனுடைய மகன் அதே உடையை அணிகிறான். பிறகு அவனுடைய மகன். இப்படி இருபது தலைமுறை கழிந்து, நாம் வாசிக்கும் கதைகளில் வருபவர் இருபத்தொராவது வேதாளர். உடையும் முகமூடியும் மாறாததால் ஒரே மனிதர் நானூறு வருடமாக உயிரோடிருக்கிறார் என்று காடு முழுக்க நம்புகிறது.

உம்மாவின் கவலைக்கு இங்கே பாதிப் பதில் கிடைத்துவிட்டது. 'சாகாத மனிதன்' என்பது கதைக்குள்ளே பாத்திரங்கள் நம்பும் ஒரு நம்பிக்கை மட்டுமே. வாசகருக்குக் கதாசிரியர் உண்மையை மறைக்கவில்லை. மண்டையோட்டுக் குகைக்குள்ளே முந்திய வேதாளர்களின் கல்லறைகள் வரிசையாக இருப்பதை அவர் திரும்பத் திரும்பக் காட்டுகிறார். இந்த மனிதருக்குப் பறக்கத் தெரியாது. குண்டு பட்டால் இரத்தம் வரும். ஹீரோ என்ற குதிரையும், டெவில் என்ற ஓநாயும், பயிற்சி பெற்ற உடம்பும், எதிரியின் மனதிலுள்ள பயமுமே இவருடைய பலம்.

ஒரு கதை, பல ஊர்கள்

இக்கதை அமெரிக்காவில் பிறந்திருந்தாலும் இதை ஆழமாக நேசித்த வாசகர்கள் பலர் வேறு நாடுகளில் இருந்தார்கள். இது எனக்கு வியப்பாக இருந்தது.

அவுஸ்திரேலியாவில் 1936இலேயே ஒரு பெண்கள் வார இதழில் இக்கதை வெளிவந்தது. ஆண் பிள்ளைகளுக்கான கதை என்று நாம் நினைப்பதை அங்கே தாய்மார்தான் முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1948இலிருந்து அங்கே தனிப் புத்தகமாகவும் வருகிறது. சுவீடனில் 1950இல் தனி இதழ் தொடங்கியது. அமெரிக்கக் கதைகள் போதாமல் 1960களிலிருந்து தாங்களே புதிய கதைகளை எழுதி வரையவும் தொடங்கிவிட்டார்கள்.

உடையின் நிறமும் ஊருக்கு ஊர் மாறியது. தொடக்கத்தில் கதை கறுப்பு வெள்ளையில் வந்ததால் நிறம் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. கதாசிரியரின் மனதில் இருந்தது சாம்பல் நிறம். 1939இல் ஞாயிறு இதழில் வர்ணத்தில் அச்சிட்டபோது ஊதா நிறமாகிவிட்டது. சுவீடனில் நீலம், இத்தாலியில் சிவப்பு. "வேதாளரின் உடை என்ன நிறம்?" என்று மூன்று நாட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் மூன்று பதில் வரும். மூன்றும் சரிதான்.

இந்தியாவில் 1964 மார்ச்சில் பம்பாயிலிருந்து இந்திரஜால் காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. தொடக்க இதழ்கள் எல்லாமே வேதாளர் கதைகள்தாம். அது ஆங்கிலத்தோடு தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் 1990 வரை வெளிவந்தது. அங்கே பதிப்பாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். கதை நடக்கும் நாட்டின் பெயர் 'பெங்காலா'. அது வங்காளத்தை நினைவூட்டும் என்பதால் 'டெங்காலி' என்று மாற்றினார்கள். கடற்கொள்ளையர் கூட்டத்தின் பெயர் 'சிங்'. அது சீக்கிய மக்களின் பெயர் என்பதால் 'சிங்கா' ஆக்கினார்கள். அதாவது, தங்கள் வாசகர் எங்கே மனம் நோவார் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். இந்திய வாசகரின் மனம் கணக்கில் எடுக்கப்பட்டது. கதையில் வரும் காட்டு மக்களின் மனத்தைப் பற்றி யாராவது யோசித்தார்களா? இந்தக் கேள்வியை இப்போதைக்கு ஓரத்தில் வைத்துக்கொள்வோம்.

என்னை மிகவும் சிந்திக்க வைத்தவர்கள் பப்புவா நியூகினி வாசகர்கள். அங்கே டோக் பிசின் என்ற பொதுமொழியில் வெளிவரும் 'வன்டோக்' பத்திரிகையில் வேதாளர் கதை வந்தது. அந்நாட்டு மலைப்பகுதியில் வாகி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. 1980களில் அங்கே குழுச் சண்டைகள் மூண்டபோது, வீரர்கள் தங்கள் பெரிய கேடயங்களில் வேதாளரின் உருவத்தை வரைந்துகொண்டு களத்துக்குப் போனார்கள். சாகாதவர் என்று பெயர் எடுத்தவரைக் கேடயத்தில் வைத்தால் எதிரி பயப்படுவான் அல்லவா? அக்கேடயங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கதையில் வெள்ளைக்காரர் ஒருவர் காட்டு மக்களுக்குக் காவலராக நிற்கிறார். இங்கேயோ, மலைவாழ் மக்கள் அவரை எடுத்துத் தங்களுக்குக் காவலாக நிறுத்திவிட்டார்கள். கதையை எழுதியவர் இதை எதிர்பார்த்திருப்பாரா?

எனக்குள் எழுந்த கேள்வி

பெட்டியிலிருந்த புத்தகங்களை ஒரு வாரத்தில் வாசித்து முடித்தேன். உண்மையைச் சொன்னால், முதல் மூன்று நாட்கள் ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலோடு படுக்கையில் கிடந்து வாசித்தேன். அஸர் தொழுகைக்கு உம்மா இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. நல்ல கதை எழுதும் ஆற்றல் லீ ஃபால்க்குக்கு இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நான்காம் நாள் ஒரு படத்தில் நின்றுவிட்டேன். வேதாளர் மண்டையோட்டு ஆசனத்தில் உயரத்தில் இருக்கிறார். கீழே பாண்டர் மக்கள் சுற்றி நிற்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கறுப்பு. எல்லோரும் கட்டை. எல்லோருக்கும் ஒரே முகம். ஓவியர் வேதாளரின் தோள் தசை ஒவ்வொன்றையும் கவனமாக வரைந்திருக்கிறார். இவர்களுக்கு ஆளுக்கொரு முகம் வரைய அவருக்கு நேரம் கிடைக்கவில்லை போலும்.

அதன் பிறகு என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. நானூறு வருடமாக அந்தக் காட்டில் நீதி வழங்க, அந்தக் காட்டில் பிறந்த ஒருவர்கூடக் கிடைக்கவில்லையா? இருபத்தொரு வேதாளர்களும் வெள்ளையர் ஒருவரின் வம்சத்திலிருந்தே ஏன் வரவேண்டும்? பாண்டர்கள் நஞ்சு அம்பு எய்வதில் வல்லவர்கள். காட்டின் ஒவ்வொரு வழியும் அவர்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் அவர்கள் ஏன் எப்போதும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்?

வெள்ளையருக்குக் கறுப்பரைவிடவோ, கறுப்பருக்கு வெள்ளையரைவிடவோ எந்தச் சிறப்பும் இல்லை, இறையச்சத்தைக் கொண்டே தவிர என்று நபி (ஸல்) அவர்கள் இறுதிப் பேருரையில் போதித்ததைச் சிறு வகுப்பிலேயே நாம் மனனம் செய்துவிட்டோம். பிலால் (ரழி) அவர்களின் வரலாற்றைப் பேச்சுப் போட்டிக்குப் பாடமாக்கி நானே பரிசும் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் மூன்று நாட்கள் அந்தப் படங்களைப் பார்த்தும் எதையும் கவனிக்கவில்லை. கதையின் வேகம் என் கண்ணைக் கட்டிவிட்டது. இக்கட்டுரையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய குறை இதுவே.

நீதியாகச் சொல்வதென்றால், கதை ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. 1960களில் ஆபிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் பெற்றுவந்தன. கதையிலும் லமாண்டா லுவாகா என்ற கறுப்பின வைத்தியர் மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஜனாதிபதியாக வந்தார். காட்டுக் காவல் படையின் தலைமையும் பிற்காலத்தில் வெள்ளையரிடமிருந்து கறுப்பினக் கேணல் ஒருவரின் கைக்கு மாறியது. உலகம் மாறியபோது கதாசிரியரும் மாறியிருக்கிறார். ஆனால் ஆசனத்தில் இருப்பவர் மட்டும் மாறவில்லை.

ஒரு மாணவியாக இன்னொன்றையும் கவனித்தேன். வேதாளரின் மனைவி டயானா ஐக்கிய நாடுகள் சபையில் வேலை செய்பவர். 1977இல்தான் அவர்களுக்குக் கதையில் திருமணம் நடந்தது. அதாவது, கதை தொடங்கி 41 வருடங்களுக்குப் பிறகு! ஒரு பழைய கதையில் பதினேழாவது வேதாளரின் சகோதரி ஜூலி, தமையனுக்கு முடியாமல் போனபோது அந்த உடையை அணிந்து கடமையைச் செய்கிறாள். ஆனாலும் இருபத்தொருவர் கணக்கில் அவளுக்கு இடமில்லை. வேலையைச் செய்தவளின் பெயர் வரிசையில் இல்லாமல் போவது காட்டில் மட்டும் நடக்கும் விடயமல்ல என்பது நம் சகோதரிகளுக்குத் தெரியும்.

மூத்தவாப்பாவின் பதில்

என் தீர்ப்புத் தயாராகிவிட்டது. இது நிறபேதம் கற்பிக்கும் கதை, தம்பிக்குக் கொடுக்க வேண்டாம். உம்மாவிடம் சொல்வதற்கு முன், புத்தகங்களின் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பதே மரியாதை என்று நினைத்து, மூத்தவாப்பாவின் சாய்மனைக் கதிரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அவருக்கு இப்போது எழுபது வயது கடந்துவிட்டது. என் கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடிந்ததும் சிரித்தார்.

"எங்களுக்கு அவர் வெள்ளைக்காரன் எண்டே தெரியா மகள். பேர் வேதாளர். பேசுறது தமிழ். முகத்தில பாதி முகமூடி. நாங்க அவர இந்தப் பக்கத்து ஆள் எண்டுதான் நினைச்சம்."

நான் திகைத்துவிட்டேன். நான் படத்தில் கண்டதை அவர் காணவில்லை. மொழிபெயர்த்தவர் வைத்த பெயர் அவருக்கு வேறொரு மனிதரைக் காட்டியிருக்கிறது. 'வேதாளம்' என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விக்கிரமாதித்தன் கதையும் முருங்கை மரமும் நினைவுக்கு வருமே தவிர, கரையொதுங்கிய வெள்ளைக்காரர் நினைவுக்கு வரமாட்டார்.

பிறகு அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை அவரிடம் நீட்டினேன். அதில் ஒன்றை முன்னரே கவனித்து வைத்திருந்தேன். பாண்டர்களின் தலைவரான குர்ரன் வரும் பக்கங்களில் யாரோ நீல மையால் அவருடைய கண்களைச் சுற்றி முகமூடி வரைந்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டுமல்ல, குர்ரன் வரும் எல்லாப் பக்கங்களிலும். "இது யார் கிறுக்கினது?" என்று கேட்டேன்.

மூத்தவாப்பா புத்தகத்தை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"நான்தான்" என்றார். "பின்னேரத்தில கடற்கரையில வேதாளர் விளையாட்டு விளையாடுவம். நான் கட்டை. நிறமும் கறுப்பு. என்ன ஒருநாளும் வேதாளராக விடமாட்டானுகள். நீ குர்ரன், நீ குர்ரன் எண்டு சொல்லிடுவானுகள். விளையாட்டு முடிஞ்ச பிறகும் அதுதான் பேர். பள்ளிக்கூடத்திலயும் குர்ரன். வீட்டுக்கு வந்து இதத்தான் செய்தன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. படத்தில் இருந்த பேதம் மூத்தவாப்பாவுக்குத் தெரியாது என்று சற்று முன்னர்தான் நினைத்தேன். வேதாளர் வெள்ளைக்காரர் என்பது தெரியாத பிள்ளைகளுக்குக்கூட, யாரைக் குர்ரனாக நிறுத்த வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதை அவர்களுக்கு யாரும் வாயால் சொல்லிக்கொடுக்கவில்லை. படம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. படத்தை நம்புவதற்கு ஊரும் அவர்களை முன்னரே பழக்கி வைத்திருக்கிறது. கல்யாணப் பேச்சில் பெண்ணின் நிறத்தை முதலில் விசாரிக்கும் நாம் இதற்கு அமெரிக்கக் கதாசிரியர் ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

"அப்படியெண்டால் ஏன் இத்தனை வருஷம் இதெல்லாம் கவனமாக வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"வாசிக்க வாசிக்க ஒண்டு விளங்கிச்சு மகள். காடு முழுக்க வேதாளர் சாகமாட்டார் எண்டு நம்புது. கொள்ளைக்காரனும் நம்புறான், படைக்காரனும் நம்புறான். குர்ரனுக்கு மட்டும்தான் உண்மை தெரியும், அவரும் மௌத்தாகிற மனிசன்தான் எண்டு. தெரிஞ்சும் வெளிய சொல்லாமக் காப்பாத்துறான். அவன் வாயத் திறந்தால் வேதாளர் இல்ல. அப்ப யார் பெரியவன்? அதுக்குப் பிறகு என்னக் குர்ரன் எண்டு கூப்பிட்டால் எனக்கு நோவல்ல."

கதையைத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. முதல் வேதாளரைக் கரையில் கண்டெடுத்துக் காப்பாற்றியவர்கள் பாண்டர்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் இரகசியத்தைக் காப்பவர்கள் அவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் இரண்டாவது வேதாளரே வந்திருக்க மாட்டார். கதையில் எழுதப்பட்டிருக்கும் இந்த உண்மை, நான் கேள்வி கேட்ட அதே படங்களுக்குள்தான் இருந்தது. எனக்கு அது தெரியவில்லை. குர்ரன் என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குத் தெரிந்தது.

வாப்பாவும் தம்பியும்

வாப்பாவின் வாசிப்பு வேறு. அவர் இளமையில் வாசித்தது தமிழ்நாட்டிலிருந்து வந்த ராணி காமிக்ஸ். அதில் இவருக்கு மாயாவி என்று பெயர். அதே காலத்தில் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியும் தமிழ் வாசகரிடையே புகழ் பெற்றிருந்தார். அவர் பிரித்தானியக் கதையில் வருபவர், இவரோடு எந்த உறவும் இல்லாதவர். வாப்பாவுக்கு இரண்டு மாயாவிகளும் நினைவில் ஒன்றாகக் கலந்துபோயிருக்கிறார்கள். "காட்டுக்குள்ள இருப்பார், கரண்டுல கை வச்சால் மறைஞ்சிடுவார்" என்று அவர் சொன்னபோது மூத்தவாப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. வாசகரின் ஞாபகமும் சில வேளைகளில் தனியாக ஒரு கதை எழுதிவிடுகிறது.

கடைசியாகத் தம்பி. அவனுக்கு ஒரு கதையை நானே பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினேன். நிறத்தைப் பற்றிக் கேட்பான், அந்த இடத்தில் நல்ல விளக்கம் கொடுக்கலாம் என்று ஆயத்தமாக இருந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் கேட்ட கேள்வி: "வேதாளர் ஊருக்குப் போனால் ஓநாய்க்கு யார் சாப்பாடு குடுக்கிற?"

சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் இந்தக் கேள்வியும் அந்த இடத்துக்கே போய்ச் சேருகிறது. வேதாளர் தூர தேசம் போகும்போது காட்டையும் குகையையும் விலங்குகளையும் பார்த்துக்கொள்பவர்கள் யார்? "குர்ரன் ஆக்கள்தான்" என்றேன். "அப்ப அவங்கட கதையையும் எழுதியிருக்கலாமே" என்றான் தம்பி. நான் ஆயத்தமாக வைத்திருந்த விளக்கம் தேவைப்படவில்லை.

நான் கற்றுக்கொண்டவை

இந்த முயற்சியிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். சித்திரக் கதைக்கு மட்டுமல்ல, நாம் பார்க்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் கைபேசிக் காணொளிக்கும் இவை பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, ஒரு கதையை முதலில் கதையாக முழுமையாக வாசிக்க வேண்டும். இரசிக்காமல் குறை சொல்பவரின் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது, இரண்டாம் முறை வாசிக்கும்போது படத்தின் ஓரத்தில் நிற்பவர்களைப் பார்க்க வேண்டும். யாருக்கு முகம் இருக்கிறது, யாருக்கு முகம் இல்லை? யார் ஆசனத்தில், யார் தரையில்? யாருக்குப் பெயர் இருக்கிறது?

மூன்றாவது, கதையில் குறை இருப்பதனால் அதை வாசித்தவர்கள் ஏமாந்துபோனவர்கள் என்று எண்ணக்கூடாது. வாகி பள்ளத்தாக்கு வீரரும், கடற்கரையில் விளையாடிய என் மூத்தவாப்பாவும் அக்கதையிலிருந்து தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

நான்காவது, வாசகர் வலிமையானவர் என்பதற்காகக் கதையின் குறை குறையில்லாமல் போய்விடாது. ஒரு சிறுவன் நீல மையால் முகமூடி வரைய வேண்டி வந்தது ஏன் என்று நாம் கேட்டே ஆக வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் மூத்தவாப்பாவைப் போல் அதிலிருந்து மீண்டு வந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கையிலுள்ள புத்தகத்தைப் பறிப்பதற்கு முன்னர் ஒரு முறை பக்கத்தில் இருந்து வாசித்துப் பாருங்கள். "நீ இதில் யாராக இருக்க விரும்புகிறாய்? யாராக இருக்க உனக்கு விருப்பமில்லை? ஏன்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில், பிள்ளை பாடசாலையில் எப்படி நடத்தப்படுகிறது என்பதும் தெரியவரலாம்.

உம்மாவிடம் என் தீர்ப்பைச் சொன்னேன். "நல்லதா கெட்டதா எண்டு ஒரு சொல்லில சொல்ல ஏலா உம்மா. தனிய வாசிக்கக் குடுக்க வேணாம். யாராவது பக்கத்தில இருந்து வாசிச்சால் நல்லது" என்றேன். உம்மா யோசித்தார். "அப்ப நீயே இருந்து வாசி. ஆனா புலமைப்பரிசில் முடியட்டும்" என்றார். தம்பிக்கு அது பெரிய அநீதியாகத் தோன்றியது. வேதாளர் வந்து கேட்டால்கூட உம்மா மாறமாட்டார் என்பது அவனுக்குத் தெரியும்.

பெட்டி மறுபடியும் அலுமாரிக்கு மேலே போய்விட்டது. ஒரு புத்தகம் மட்டும் போகவில்லை. நீல மை முகமூடி உள்ள அந்தப் புத்தகம் இப்போது மூத்தவாப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில், அவருடைய மூக்குக் கண்ணாடியோடு இருக்கிறது.